கேமரா இருக்கும்போது வரைபடம் எதற்கு?

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. கயல் ரோபோ பிரிவில் சேர்ந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கேமரா இருக்கும்போது, தூரத்திலிருந்து ஓட்டும் வண்டிக்குத் தரையின் வரைபடம் எதற்கு என்று கேட்டிருக்கிறாளே, அருமையான கேள்வி.

ஒற்றைப் படத்தில் ஆழம் பிடிபடாது, அதனால்தான். 1970இல் சோவியத்காரர்கள் லூனாகோட் 1 வண்டியை நிலவில் இறக்கி, கிரிமியாவில் உட்கார்ந்து ஓட்டினார்கள். சில நொடிகளுக்கு ஒரு படம்தான் வரும். உச்சிவெயிலில் நிழல் விழாது. மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஓட்டியவர்களை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 1973இல் லூனாகோட் 2 ஒரு பள்ளத்தில் இறங்கியபோது, திறந்திருந்த மூடி சரிவில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டது. பிறகு மூடியபோது அந்த மண் வெப்பம் தணிக்கும் தகட்டில் கொட்டி, வண்டி சூடேறி நின்றே போனது.

சந்திரயான் 3 நிலவில் இறக்கிய நம் பிரக்யான் வண்டிக்கு, நம் கண்களைப் போல இரண்டு கேமரா. ஒரே கல் இரு படங்களிலும் எவ்வளவு விலகி விழுகிறது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். தரையைச் சிறு கட்டங்களாக்கி ஒவ்வொன்றிலும் உயரத்தைக் குறித்தால் சரிவும் பள்ளமும் எண்ணாகவே வந்துவிடும். அந்த வரைபடத்தைப் பூமியில் தயாரித்து, ஒரு தடவைக்கு அதிகம் போனால் 5 மீட்டர் நகர்த்தினார்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று 4 மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று 3 மீட்டர் முன்னாலேயே தெரிந்தது. வண்டியை வந்த வழியே திருப்பிவிட்டார்கள். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் நம் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் என்பதையும் கயலிடம் சொல்.

செவ்வாய்க்குச் சிக்னல் போகவே பல நிமிடம் ஆகும். அதனால் 2021இல் அங்கே இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் வண்டி, ஓடிக்கொண்டே தானே வரைபடம் போட்டுக்கொள்கிறது.

ஆனாலும் உயரம் மட்டும் தெரிந்தால் போதாது என்பது என் எண்ணம். 2009இல் செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் வண்டி, மேல்பொருக்கு உடைந்து பொலபொலவென்ற மண்ணில் புதைந்தது, மீளவே இல்லை. உயரக் கணக்குக்கு அது சாதாரணத் தரைதான். சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதையும் அதே கட்டங்களில் உடனுக்குடன் ஏற்ற வேண்டும். கயல் ப்ராஜெக்ட் தேடினால் இதையே எடுக்கச் சொல். ஒரு சின்ன வண்டியும் ஆற்றுமணலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அவளையும் அழைத்து வா, உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
முருகேசன்