முடி மாற்று, கொழுப்பு நீக்க மையங்களை ஆய்வு செய்யக் கோரி மனு

அனுப்புநர்:
காந்திபுரம் பகுதிப் பொதுமக்கள், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்.

நகல்: இணை இயக்குநர், மருத்துவ நலப்பணிகள்.

பொருள்: அழகுசாதன அறுவை சிகிச்சை செய்யும் மையங்களை ஆய்வு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முடி நடவும் வயிற்றுக் கொழுப்பை எடுக்கவும் எங்கள் பகுதியில் மாடிக்கு மாடி மையங்கள் வந்துவிட்டன. எது பியூட்டி பார்லர், எது ஆபரேஷன் செய்யும் இடம் என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் முடி வைத்துக்கொள்ளப் போகும் பையன்கள் இதை ஆபரேஷனாகவே நினைப்பதில்லை. தலை மரத்துப்போக, பல மணி நேரம் திரும்பத் திரும்ப லிக்னோகைன் ஊசி போடுகிறார்கள். உடல் எடைக்குத் தகுந்த அளவைத் தாண்டினால் வலிப்பு வரலாம், இதயமே நின்றுவிடலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் மயக்கவியல் மருத்துவர் இல்லாவிட்டால் யார் காப்பாற்றுவது?

இது வெறும் பயமல்ல. 2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்த 22 வயது மாணவர் முடி மாற்று சிகிச்சைக்குப் பின் இறந்தார். அந்த இடத்துக்கு முடி திருத்தும் நிலைய உரிமம் மட்டுமே இருந்ததாகச் செய்திகள் வந்தன. மருத்துவம் படித்த பிள்ளைக்கே இந்தக் கதி. 2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு நீக்க சிகிச்சைக்குப் போன 21 வயது சின்னத்திரை நடிகையும் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்றுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

எங்களில் ஒருவர் அக்கா மகனோடு ஒரு மையத்துக்குப் போய் விசாரித்தார். "டாக்டர் வந்து பார்ப்பாருங்க, நடுறது எங்க டெக்னீஷியன்தான்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். அறையில் சாய்வு நாற்காலி இருந்தது, ஆக்சிஜன் சிலிண்டர் கண்ணில் படவில்லை. ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம், தவணைக்கடன் தாளோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் எது மருத்துவம், எது கடன் என்றே புரியாது.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறைப்படுத்தல்) சட்டம் 1997 முதல் இருக்கிறது. அதன்கீழ் பதிவு பெறாமல் கத்தியும் ஊசியும் பிடிக்கும் எந்த இடமும் நடக்கக் கூடாது. எனவே மருத்துவ நலப்பணிகள் அதிகாரிகள் இந்த மையங்களை முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். மையத்தின் பதிவுச் சான்று, சிகிச்சை செய்யும் மருத்துவரின் பெயர், படிப்பு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் எல்லாம் வாசலிலேயே தமிழில் இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்தவர் தெளிந்து வீடு திரும்பும்வரை மயக்கவியல் மருத்துவர் அங்கேயே இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எங்களுக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அப்புறம், ஒப்புதல் படிவம் தமிழில், குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே கைக்கு வர வேண்டும். ஒரு மையம் பதிவு பெற்றதா என்பதை 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்டால் சொல்லவும் ஏற்பாடு செய்து தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
காந்திபுரம் பகுதிப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)