ஃபார்மட் அடிக்கும் முன்: நீலகிரி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

சீமங்கி (SeaMonkey) என்ற, பிரவுசரும் மெயிலும் சேர்ந்த மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன். "அதையெல்லாம் இன்னும் யாரு சார் வெச்சிருக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள். வைத்திருக்கிறார்கள், உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இலை ஃபேக்டரியில் கணக்குப் பார்த்தவர், பிள்ளைகள் கனடாவிலும் துபாயிலும் இருக்க இங்கே தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. இணையமும் மெயிலும் ஒரே மென்பொருளில் இருப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. லைன் போய்விட்டாலும் பழைய மெயிலைத் திறந்து படிக்கலாம். ஆடி மழையில் எங்கேயாவது மரம் சாய்ந்து நாள் முழுக்க நெட் இல்லாமல் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. 1997இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரில் பிரவுசரும் மெயிலும் சேர்ந்தே இருந்தன. அதன் நிரல் 1998இல் வெளியே விடப்பட்டு மொஸில்லா தொகுப்பாக வளர்ந்தது. 2005 மார்ச்சில், இனி இந்தத் தொகுப்புக்குப் புதிய பதிப்பு கிடையாது, பிரவுசரான ஃபயர்ஃபாக்ஸும் மெயிலுக்கான தண்டர்பேர்டும் தனித்தனியே போகும் என்று மொஸில்லா அறிவித்தது. தொகுப்பைக் கைவிட மனசில்லாத தன்னார்வலர்கள் அதை எடுத்து நடத்தி 2006 ஜனவரியில் சீமங்கி 1.0ஐ வெளியிட்டார்கள். இன்றும் ஒரு சின்னக் குழுதான் அதைப் பார்த்துக்கொள்கிறது. கஸ்டமர் கேர் எண் கிடையாது. கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டுவிட்டு, யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருக்க வேண்டும். எழுபது வயதுக்காரர் அதைச் செய்யப்போவதில்லை. சிபியூவைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருவார். ஆக, இந்த மலையில் சீமங்கிக்கு உதவி மையம் என்றால் அது நீங்கள்தான். விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நான் கேட்பது ஒன்றுதான். சி டிரைவை அழிப்பதற்கு முன் மெயில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நம் கடைகளின் வழக்கம் எனக்குத் தெரியும். "டேட்டா ஏதாவது வேணுமா?" என்று கேட்பீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோ இவற்றை எடுத்துக்கொள்வீர்கள். டி டிரைவைத் தொடமாட்டீர்கள். மெயிலைப் பற்றிக் கேட்டால், "மெயில் ஆன்லைன்ல இருக்கும் சார், எங்கயும் போகாது" என்பீர்கள். செல்போனில் ஜிமெயில் பார்ப்பவருக்கு அது சரி. பாப் (POP) முறையில், அதாவது சர்வரிலிருந்து தன் கணினிக்கே மெயிலை இறக்கி வைப்பவருக்கு அது சரியில்லை. அவர் கணக்கில் "சர்வரில் நகல் வை" என்ற பெட்டி டிக் இல்லாமல் இருந்தால், மெயில் கணினிக்கு வந்ததும் சர்வரிலிருந்து போய்விடும். உலகத்தில் அதன் ஒரே பிரதி அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவருக்கு இப்படித்தான் ஆனது. எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. இறந்துபோன தம்பி இலங்கையிலிருந்து எழுதிய அத்தனை கடிதமும் ஒரு மத்தியானத்தில் போய்விட்டன. கடைக்காரர் மேல் அவர் கோபப்படவில்லை, விண்டோஸ் நன்றாக ஓடுகிறது என்று பாராட்டினார். இரண்டு நாள் கழித்துத்தான் மெயிலைத் தேடியிருக்கிறார்.

இடம் இதுதான். விண்டோஸின் ரன் (Run) பெட்டியில் சதவீதக் குறி போட்டு, ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்து, மறுபடி சதவீதக் குறி போடுங்கள் (%appdata%). ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அது மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டருக்குள் இருப்பதால்தான் சாதாரணமாகத் தேடும்போது கண்ணில் படுவதில்லை. அதற்குள் மொஸில்லா, அதற்குள் சீமங்கி. மெயிலை மட்டும் பொறுக்கி எடுக்காமல் அந்தச் சீமங்கி ஃபோல்டரையே முழுசாக எடுங்கள். முகவரிப் புத்தகம், அமைப்புகள், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் அதோடு வந்துவிடும். சீமங்கியை மூடிவிட்டு நகல் எடுங்கள். புது விண்டோஸிலும் பழைய யூசர் பெயரையே வைத்து, சீமங்கியை நிறுவி, இந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைத்தால் பழையபடி திறக்கும்.

பென் டிரைவில் நகல் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இன்பாக்ஸ் என்பது ஆயிரம் குட்டிக் கோப்பு அல்ல, எல்லா மெயிலும் வரிசையாக ஒட்டிய ஒரே கோப்பு. அழித்த மெயிலும் ஃபோல்டரைச் சுருக்கும்வரை (Compact) அதிலேயே கிடக்கும். அதனால் பல வருஷத்து இன்பாக்ஸ் சில சமயம் 4 ஜிபியைத் தாண்டிவிடும். ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. என்டிஎஃப்எஸ் (NTFS) முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் எடுங்கள். ஆன்டிவைரஸும் இங்கேதான் விளையாடும். என்றோ வந்த ஒரு குப்பை மெயிலில் வைரஸ் இருந்தால், ஆன்டிவைரஸ் அந்த ஒரு மெயிலை மட்டும் எடுக்காமல் இன்பாக்ஸ் கோப்பையே தூக்கி அடைத்துவிடும். "மெயிலெல்லாம் காணோம்" என்று யாராவது வந்தால் முதலில் ஆன்டிவைரஸின் சிறையை (Quarantine) திறந்து பாருங்கள்.

அடுத்தது ஜிமெயில். 2022 மே 30 முதல், வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து நுழையும் மெயில் மென்பொருள்களைக் கூகுள் ஏற்பதில்லை. சீமங்கி பாஸ்வேர்டு தவறு என்று சொல்லும், பெரியவரும் நாம்தான் மறந்துவிட்டோம் என்று நம்புவார். உடனே பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். மாற்றினால் செல்போனிலும் சேர்த்து வெளியே நிற்க நேரலாம். கணக்கின் அமைப்பில் நுழைவு முறையை ஓஆத்2 (OAuth2), அதாவது கூகுளின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை, என்று மாற்றிப் பாருங்கள். பழைய பதிப்பு என்றால், இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

சில வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் சீமங்கியில் திறக்காமல் போவது உண்மைதான். பக்கங்களைக் காட்டும் அதன் எஞ்சின் பழசு, மறைக்க ஒன்றுமில்லை. அதற்காகச் சீமங்கியை நீக்க வேண்டாம். பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, "பேங்குக்கு இது, மெயிலுக்கு அது" என்று சொல்லிக் கொடுங்கள். இரண்டும் தனித்தனி ஃபோல்டரில் இருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. முழுசாக மாற வேண்டும் என்று அவரே கேட்டால் தண்டர்பேர்டு சரிப்படும். மெயிலைச் சேமிக்கும் முறை சீமங்கிக்கும் தண்டர்பேர்டுக்கும் ஒன்றுதான்.

ஏன் இப்போது எழுதுகிறேன்? 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. கடைக்கு வரும் பெட்டிகள் கூடும், சிலதில் லினக்ஸ் போடுவீர்கள், சிலதைத் தள்ளிவிட்டுப் புதுசு விற்பீர்கள். லினக்ஸிலும் அதே மெயில் கோப்புகள் திறக்கும், கவலை இல்லை. தள்ளிவிடும் பெட்டியின் டிஸ்க்கைத்தான் ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளுங்கள்.

இதற்கு நேரம் பிடிக்கும். தனியாகக் காசு கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. என்ன எடுத்தீர்கள் என்று பில்லில் ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள். பெட்டி வீட்டுக்குப் போய், மெயில் திறக்கிறது என்று அவர்கள் போன் செய்த பிறகு உங்கள் கடைக் கணினியில் இருக்கும் நகலை அழித்துவிடுங்கள். அந்த ஃபோல்டரில் அவர்களுடைய பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து, இலை ஃபேக்டரியில் கணக்கு எழுதிய ஒருவன்