மலிவிழா வீதிக்குக் காலையில் மூன்று மணி நேரம் கொடுங்கள்

மயிலாப்பூரின் போக்குவரத்தையும் சாலைகளையும் துப்புரவையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கபாலீசுவரர் கோயிலுக்கும் சித்திரக்குளத்துக்கும் நடுவில் ஒரு சந்தில் 31 வருடமாகக் குடியிருக்கிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் மார்கழியில், மாமியார் என் கையில் கோலமாவுக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் புள்ளி வைப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இழை கோணியபோது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால் என்னை எழுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து தானே ஒரு தரம் போட்டுக் காட்டினார். அவர் இப்போது இல்லை. கிண்ணம் மட்டும் இருக்கிறது, மார்கழி வந்தால் வெளியே வரும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற மார்கழி முதல் தேதியிலிருந்து காணும் பொங்கல் வரை, காலை 4.30 மணியிலிருந்து 7.30 மணி வரை, வடக்கு, கிழக்கு, தெற்கு மாட வீதிகளில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவையுங்கள். மொத்தம் 33 நாள்போல வரும். மேற்குப் பக்கம் ராமகிருஷ்ண மடம் சாலையில் பேருந்து போகிறது, அதை மூடச் சொல்லவில்லை. கோயில் குளத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும் ஒரு கயிறு கட்டி, நடப்பவர்களுக்கு விட்டால் போதும். அதோடு, பொங்கலுக்கு முன்னால் இந்த வீதிகளில் கரும்பும் மஞ்சளும் விற்க வருகிறவர்களுக்கு அந்த நான்கைந்து நாளும் வெளிச்சமும் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும்.

மார்கழிக் காலையில் இந்த வீதிகளில் யார் இருக்கிறார்கள் என்று, பகலில் மட்டும் இங்கே வந்துபோகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஐந்து மணிக்கு மப்ளர் சுற்றிய தாத்தாக்கள் கோயிலைப் பார்த்து நடப்பார்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் திருப்பாவை கேட்கும், இந்தப் பக்கம் திருவெம்பாவை. கொஞ்ச நேரத்தில் ஜால்ராச் சத்தத்தோடு பஜனை கோஷ்டிகள் மாட வீதியைச் சுற்ற ஆரம்பிக்கும். பாபநாசம் சிவன் பல பத்தாண்டுகள் மார்கழிதோறும் முன்னே நடந்து பாடிய பாதை இது. அவருக்குப் பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. குழந்தைகள் தூக்கக் கலக்கத்தோடு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். பாதிப் பேர் வருவது தொன்னையில் கிடைக்கும் வெண்பொங்கலுக்காகத்தான், அதில் தப்பே இல்லை. அப்புறம் வாசல்களில் குனிந்திருக்கும் பெண்கள். ஈர வாசல், காவி, நடுவில் சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ.

இவ்வளவும் நடக்கிற அதே தெருவில், அதே நேரத்தில், பால் வண்டி, தண்ணீர் லாரி, பள்ளி வேன், குறுக்கு வழியில் பறக்கும் டூ-வீலர் எல்லாம் போகின்றன. தெருவிளக்கு சில இடங்களில் எரிகிறது, சில இடங்களில் எரிவதில்லை.

போன மார்கழியில் ஒரு நாள், விடிய இன்னும் நேரம் இருந்தது. எங்கள் சந்து முனையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காமீது ஒரு டூ-வீலர் மோதிவிட்டது. குனிந்திருந்ததால் அவருக்கு வண்டி வந்தது தெரியவில்லை. ஓட்டி வந்த பையனுக்கும் இருட்டில் ஆள் இருப்பது தெரியவில்லை. பெரிய ரோடு அடைத்திருக்கிறதே என்று சந்துக்குள் புகுந்து போகப் பார்த்திருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, எங்கள் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அக்காவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்து, கை இப்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதன்பிறகு தெருவில் உட்காரவில்லை. வீட்டுக்குள் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிட்டார். 21 புள்ளிக் கோலத்தை நோட்டுப் பார்க்காமல் போடுகிறவர் அவர். அந்த ஸ்டிக்கரைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் கடிதம் எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மெட்ரோ வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போதைய நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாம் கட்டத்தின் இரண்டு தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. மாதவரத்திலிருந்து சிப்காட் போவது ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போவது இன்னொன்று. அதற்காக லஸ், கச்சேரி ரோடு பக்கமெல்லாம் தடுப்பு வைத்துத் தோண்டினார்கள். மெட்ரோ வரட்டும், எங்களுக்கு வேண்டும். பறக்கும் ரயில் 1997இல் திருமயிலைக்கு வந்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பெரிய ரோட்டை அடைத்தால் அந்த வண்டிகளெல்லாம் எங்கே போகும்? மாட வீதிக்குத்தான் வருகின்றன, அங்கிருந்து சந்துகளுக்குள். வருடம் முழுவதும் அதைப் பொறுத்துக்கொள்கிறோம். இந்த ஒரு மாதத்தில் காலை மூன்று மணி நேரம் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

இது கோயிலுக்குப் போகிறவர்களின் கோரிக்கை மட்டும்தானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். எங்கள் ஊரின் டிசம்பர் அப்படி ஒரு மதத்துக்குள் அடங்குவதில்லை. நடுமாதம் தாண்டினால் கச்சேரி. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியதிலிருந்து சென்னையின் டிசம்பர் இப்படித்தான். ரசிக ரஞ்சனி சபாவிலும், கிழக்கு மாட வீதியின் பாரதிய வித்யா பவனிலும் பாட்டுக் கேட்டுவிட்டு, சுவெட்டரும் கையில் நிகழ்ச்சிப் பட்டியலுமாக மாமிகள் நடந்து திரும்புவார்கள். அப்புறம் கிறிஸ்துமஸ். கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், 1516ஆம் வருடம் பொறித்த கல்லோடு நிற்கிறது பிரகாச மாதா ஆலயம். இன்னும் பெரியவர்கள் அதைக் காட்டுக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள், ஒரு காலத்தில் அங்கே காடு இருந்ததாம். கச்சேரி ரோட்டின் அந்தக் கோடியில் சாந்தோம். 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிந்து வருகிறவர்களும், மறுநாள் விடிகாலை பஜனைக்குக் கிளம்புகிறவர்களும் எங்கள் தெருக்களில் எதிரெதிரே பார்த்துக்கொள்வதுண்டு. கேக்கும் சுண்டலும் கைமாறும்.

அதற்கு அடுத்த நாள், டிசம்பர் 26. 2004இல் அந்தக் காலையில்தான் கடல் உள்ளே வந்தது. சீனிவாசபுரத்திலும் நொச்சிக்குப்பத்திலும் அன்றைக்கு யாரும் பண்டிகை பேசுவதில்லை. பட்டினப்பாக்கம் கரையில் நின்று கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு மீன்கூடை கொண்டுவந்த ஆயா ஒருவர் அதற்காக மாட வீதிக்கு வந்துதான் பூ வாங்கிப் போவார். பஸ் கிடைக்காத வருடங்களில் நடந்தே போயிருக்கிறார். மயிலாப்பூர் என்றால் குளத்தைச் சுற்றியுள்ள நாலு தெரு மட்டும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கரையும் மயிலாப்பூர்தான். அன்றைக்குக் காலை அங்கே போகிற வழியையும் நடப்பவர்களுக்குச் சரிசெய்து கொடுங்கள்.

சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் இந்த ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், கடலாட்டு, பங்குனி உத்திரம். இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று இறந்துபோன ஒரு பெண்ணைக் கேட்கிற பாட்டு அது. அதில் மயிலையை 'மலிவிழா வீதி' என்கிறார். விழா நிறைந்த வீதி. அந்தக் காலத்துக் கோயில் கடலோரம் இருந்தது என்பார்கள், எனவே அவர் பார்த்த வீதி இன்றைய மாட வீதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனாலும் 1,300 வருடத்துக்கு முன்னால் ஒருவர் இந்த ஊரைப் பார்த்தபோது, கோயிலோடு வீதியையும் சேர்த்துப் பாடத் தோன்றியிருக்கிறதே! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இனி பொங்கல் கடைகளுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

போகிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் மினி லாரிகளில் கரும்புக் கட்டு வந்து இறங்கும். தெற்கு மாட வீதியில் வருடம் முழுவதும் காய்கறி விற்கிறவர்களுக்குப் பக்கத்தில், வெளியூரிலிருந்து வந்தவர்கள் இடம் பிடிப்பார்கள். மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, மண்பானை, மொச்சை, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, மாவிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ. வாங்குகிற எங்களுக்கு அது ஒரு மணி நேர வேலை, அவர்களுக்கோ மூன்று ராத்திரி. கரும்பை விட்டுவிட்டு எங்கும் போகமுடியாது, அதன்மேலேயே ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். மார்கழிப் பனி தலையில் இறங்கும்.

போன பொங்கலுக்கு மஞ்சள் கொத்து விற்ற ஒரு அம்மாவிடம், தண்ணீர் வேண்டுமா என்று சொம்பை நீட்டினேன். வேண்டாம் என்றார். நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லையாம். குடித்தால் போவதற்கு இடம் இல்லை, ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு உட்காரவேண்டும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். அவரும் அவர் மகளும் வந்து போனார்கள். ஒரு வீடு இரண்டு பேருக்குத் திறக்கலாம், வீதி முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு எத்தனை வீடு திறக்கும்? அரசியல் கூட்டங்களுக்கு நடமாடும் கழிப்பறை வருகிறது. அதே வண்டிகளில் இரண்டை, பெண்களுக்குத் தனியாகப் பூட்டும் விளக்கும் உள்ளதாக, ஐந்து நாள் இங்கே நிறுத்தினால் போதும்.

இன்னொன்று, அவர்களை விரட்டாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு, நகரு நகரு என்று குரல் கேட்டதும் கரும்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பமே ஓடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் விரட்டினார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், வழிவழியாக வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கூடுகிற இடத்தை இயல்பான சந்தை என்று ஏற்றுக்கொள்கிறது. மாட வீதியின் பொங்கல் சந்தைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பில் கோடு போட்டு, இத்தனை அடி உங்களுக்கு என்று எண் எழுதிக் கொடுத்துவிட்டால் நடக்கிற வழியும் தப்பும், அவர்களும் நிம்மதியாக உட்காருவார்கள்.

போகிப் புகையைப் பற்றி ஒரு வரி. டயர், பிளாஸ்டிக் கொளுத்தாமல் இருக்க எங்கள் தெருவில் நாங்களே வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தோம், ஓரளவு கேட்கிறார்கள். பழையதை முன்கூட்டியே வாங்கிப் போக வண்டி வரும் நாளை ஒரு வாரம் முன்னால் தெருவில் அறிவித்தால் மீதிப் பேரும் கேட்பார்கள்.

வண்டியை நிறுத்துவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019இல் திறந்தபோதும் இதே கேள்வி வந்தது. நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் முன்னிறுத்தும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. யுனெஸ்கோ 2017இல் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த இசை அரங்குக்குள் மட்டும் இல்லை, காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் டிக்கெட் இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும் நாளில், தெரு முழுக்கச் சாக்பீஸ் கட்டங்கள் போட்டுப் பெண்களும் ஆண்களுமாக உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு சாயங்காலம் வண்டிகளை நிறுத்த முடிகிறதே!

ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தடுப்பு உடனே விலகவேண்டும். பால் வண்டிகள் 4.30 மணிக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போகலாம், பால்காரர்களிடம் நாங்கள் பேசிவிட்டோம், சம்மதம்தான். மாட வீதிகளிலேயே குடியிருப்பவர்களின் வண்டிக்கு அடையாள அட்டை கொடுங்கள். பள்ளி வேன்தான் சிக்கல். அரையாண்டு விடுமுறை இல்லாத நாட்களில் பிள்ளைகளைக் குளத்து முனை வரை நடத்திக் கூட்டிவர நாங்கள் ஆள் வைக்கிறோம். தெருவிளக்குகளை மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு தரம் எண்ணிப் பார்த்து, எரியாததை மாற்றுங்கள். அந்த ஒரு மாதம் புதிதாக எதற்கும் தெருவைத் தோண்டாமல் இருந்தால் மிகவும் நல்லது, சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் தோண்டுங்கள்.

தடுப்புக்குப் பக்கத்தில் நிற்க எங்கள் தெருவிலிருந்து 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் ஆறு பேர், மூன்று பேர் கல்லூரிப் பையன்கள், மற்றவர்கள் என்னைப்போல வீட்டில் இருப்பவர்கள். நாள் பிரித்துப் பட்டியலும் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் பெயரும் அதில் இருக்கிறது. காலை நாலரைக்கு கிழக்கு மாட வீதி முனை அவருக்கு. தடுப்பு வைத்தால் கோலமாவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கார்த்திகை முடிவதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் மற்ற ஏற்பாடுகளைச் செய்யச் சௌகரியமாக இருக்கும்.

இப்படிக்கு,
மாட வீதிக்குப் பின்சந்தில் குடியிருக்கும் ஒரு மயிலாப்பூர்வாசி