முதல் குடும்பம் குடிபுகும் முன்: நகர விரிவாக்கத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நகர விரிவாக்கத் திட்டத்தை வகுக்கும் அலுவலர்களுக்கும், அதற்கு ஒப்புதல் அளிக்கவிருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகரின் விளிம்பில் பல்லாயிரம் வீடுகளைக் கொண்ட குடியிருப்பு ஒன்றை அமைப்பதென்று முடிவானதும், எத்தனை வீடுகள், எத்தனை மாடிகள், எந்த ஆண்டுக்குள் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. வீடுகள் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் எவரும் இத்தகைய விரிவாக்கத்தை எதிர்க்க மாட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: எது முதலில் கட்டப்படும், எது அதற்குப் பின் என்ற வரிசையைத் திட்ட ஆவணத்திலேயே எழுதி, அதை ஒப்புதலின் நிபந்தனையாக்குங்கள்.

முதலில் வர வேண்டியது மழைநீர் வடிகால். நூறு ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஐந்து கோடி லிட்டர். புல்லும் மரமுமாக இருக்கும் நிலம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அதே நிலத்தைக் கூரையாலும் தாராலும் கான்கிரீட்டாலும் மூடிவிட்டால் பாதிக்கு மேல் வழிந்தோடும், அதுவும் ஓரிரு மணி நேரத்துக்குள். அந்த நீர் புதிய குடியிருப்பின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. தாழ்வான பழைய தெருக்களைத் தேடிப் போகிறது. ஆகவே, மனைகளைப் பிரிப்பதற்கு முன்பே நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து, ஓடைகளும் பள்ளங்களும் இருக்கும் இடங்களை அப்படியே விட்டுவைத்து, மிச்சமுள்ள மேட்டு நிலத்தில் வீடுகளை வரைய வேண்டும். நடைமுறையில் பல வரைபடங்களில் இது தலைகீழாக நடக்கிறது: மனைகளை வரைந்து முடித்தபின், எந்த மனைக்கும் பொருந்தாத முக்கோணத் துண்டும் மின்கோபுரக் கம்பிகளுக்குக் கீழுள்ள பட்டையும் பச்சை நிறம் பூசப்பட்டுப் பூங்காவாகின்றன. அங்கே குழந்தைகளும் விளையாட முடியாது, தண்ணீரும் தேங்கி வடிய முடியாது.

அடுத்தது போக்குவரத்து. வியன்னாவின் வடகிழக்கு விளிம்பில், பழைய விமானத் தளம் ஒன்றின் மீது எழுந்துவரும் ஆஸ்பெர்ன் சேஷ்டாட் பகுதிக்கு மெட்ரோ ரயில் 2013 அக்டோபரிலேயே வந்துவிட்டது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2014இல். குடிவந்த சில மாதங்களுக்குள் ஒரு குடும்பம் தன் அன்றாடப் பயணத்தைத் தீர்மானித்துவிடுகிறது. பேருந்து இல்லையென்றால் கடன் வாங்கியாவது வாகனம் வாங்குகிறார்கள். மூன்றாண்டு கழித்து வரும் பேருந்தில் ஆள் ஏறுவதில்லை. ஆள் இல்லாததால் சேவையும் குறைக்கப்படுகிறது. வாகனம் ஓட்ட முடியாத முதியவர்களும் சிறுவர்களுமே இதற்கு முழு விலையும் கொடுக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. கோபன்ஹேகன் நகரம் ஓரெஸ்டாட் விரிவாக்கத்தைத் திட்டமிட்டபோது, பொதுவுடைமையாக இருந்த அந்த நிலத்தின் விற்பனை வருவாயை நம்பியே 2002இல் திறக்கப்பட்ட தன் மெட்ரோவைக் கட்டியது. நிலம் தனியாரிடம் இருக்கும் இடங்களில் இது அப்படியே பொருந்தாது. ஆனால் வயலாகக் கிடந்த நிலம் வீட்டுமனையாவதால் கூடும் மதிப்பை உங்கள் ஒப்புதல்தான் உருவாக்குகிறது. அதில் ஒரு பங்கைப் பொது வசதிகளுக்காகப் பெறும் வலிமை ஒப்புதலுக்கு முன்புவரை மட்டுமே உங்கள் கையில் இருக்கும். கையெழுத்திட்ட பிறகு கெஞ்ச வேண்டியதுதான்.

வரைபடத்தில் காட்டினால் மட்டும் போதாது என்பதற்கு பார்சிலோனா சாட்சி. 1859இல் இல்டெஃபோன்ஸ் செர்தா வகுத்த விரிவாக்கத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டடத் தொகுதியின் நடுவிலும் தோட்டம் இருந்தது. நாளடைவில் அந்த இடங்களில் பெரும்பாலானவை கட்டடங்களால் நிரம்பிவிட்டன. அவர் வரைந்த அகலமான தெருக்கள் இன்றும் இருக்கின்றன. பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலமும் இப்படித்தான்: பொது நிலமாக எழுதி வாங்கப்படாவிட்டால், "தேவை எழவில்லை" என்ற ஒரு குறிப்போடு அது என்றைக்காவது மனையாகிவிடும்.

புதிய தெருக்கள் பழைய தெருக்களோடு பல இடங்களில் இணைய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே நுழைவாயிலும் சுற்றுச்சுவருமாக அமைந்தால், பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூட நெடுஞ்சாலையைச் சுற்ற வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கும் அதே சுற்றுதான்.

எனவே, மக்களின் கருத்தைக் கேட்கும் காலம் முடிவதற்குள் இரண்டு ஆவணங்களை வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஒன்று, மழைநீர் எங்கே விழுந்து எவ்வழியே எங்கே போய்ச் சேரும் என்பதைக் காட்டும் வரைபடம். மற்றொன்று, வடிகால், பேருந்துத் தடம், தொடக்கப் பள்ளி, மருத்துவ நிலையம் ஆகிய ஒவ்வொன்றும் எத்தனையாவது வீட்டுக்கு முன் முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குடியேற்ற அனுமதி எந்த எண்ணிக்கையில் நிறுத்தப்படும் என்பதைச் சொல்லும் அட்டவணை.

இப்படிக்கு,
இந்நகரில் வசிக்கும் ஒருவர்