ஸ்பேனரால் வரும் வேகத்தை விட்டுவையுங்கள்: உள்ளூர் ஸ்டாக் கார் தடங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா மாநிலங்களில் சனிக்கிழமை இரவுப் பந்தயம் நடத்தும் தட உரிமையாளர்களுக்கும், விதிப்புத்தகம் எழுதுபவர்களுக்கும், கார் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் டெக் பரிசோதகர்களுக்கும் வணக்கம்.

அடுத்த சீசனுக்கான விதிகளை நீங்கள் எழுத உட்காரும் காலம் இது. பழைய சாலைக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் ஸ்ட்ரீட் ஸ்டாக் பிரிவில் ஓடும் ஒரு சிறிய அணிக்குப் பிட்டில், அதாவது தடத்தில் காரைத் தயார் செய்யும் இடத்தில், கைவேலை செய்பவன் என்ற முறையில் உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இந்த மடல். ஒரு காருக்கு வேகம் இரண்டு வழியில் வருகிறது. கராஜில் இரவெல்லாம் குனிந்து அளந்து, திருகி, மறுபடி அளந்து பெறுவது ஒன்று. கிரெடிட் கார்டை நீட்டி வாங்கிக்கொள்வது இன்னொன்று. முதல் வழியை அகலமாகத் திறந்துவிடுங்கள், இரண்டாவதை முடிந்த மட்டும் அடையுங்கள். உங்கள் விதிகளில் பல இதற்கு நேர்மாறாக இருக்கின்றன.

இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். தமிழிலும் எழுதக் காரணம், சார்லட், ராலே பக்கம் வாழும் எங்கள் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2010இல் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் டிரக் தொடரில் ஓடினார், மார்ட்டின்ஸ்வில்லில் 13ஆவதாக வந்தார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியும். அதே பந்தயத்தின் அடிவேர் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கால் மைல், அரை மைல் நீள்வட்டத் தடங்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடுகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

விதியும் செட்டப்பும் (காரைத் தடத்துக்கு ஏற்பச் சரிசெய்யும் வேலை) மோதுவது இந்தப் பந்தயத்தின் முதல் நாளிலேயே தொடங்கிய கதை. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டின் மண் தடத்தில் நாஸ்கார் நடத்திய முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' (மாற்றம் செய்யாத கார்களுக்கான) பந்தயத்தில் முதலில் வந்தவர் க்ளென் டன்னவே. ஓட்டியது 1947 ஃபோர்டு. பந்தயம் முடிந்து பரிசோதித்தபோது பின்புற ஸ்பிரிங்குகளை மாற்றியமைத்திருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் அன்று வழக்கமாகச் செய்துவந்த வேலை அது. அவரைத் தகுதிநீக்கம் செய்து, லிங்கன் காரில் வந்த கன்சாஸ்காரர் ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கார் உரிமையாளர் வழக்குப் போட்டுத் தோற்றார். விதியை எழுதவும் அமல்படுத்தவும் நடத்துபவருக்கு உரிமை உண்டு என்பது அன்றே உறுதியாகிவிட்டது. அந்த உரிமையை நான் கேள்வி கேட்கவில்லை. அது யார் பக்கம் சாய்கிறது என்பதுதான் என் கவலை.

ஸ்பிரிங்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுத் தட்டுகளில் ஏற்றிப் பார்த்தால், வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடை மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று தெரியும். அதுதான் கிராஸ் வெயிட். மேசையின் ஒரு காலுக்கடியில் அட்டையைச் சொருகினால் அந்தக் காலும் அதற்குக் குறுக்கே உள்ள காலும்தான் பாரத்தைத் தாங்கும், இல்லையா, அதே கணக்கு. 3,200 பவுண்டு காரில் ஒரு சதவீதம் என்பது 32 பவுண்டு, சுமார் 15 கிலோ. கிராஸ் வெயிட்டைக் கூட்டினால் கார் 'டைட்' ஆகும்: வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போகும். குறைத்தால் 'லூஸ்' ஆகும்: பின்பக்கம் வழுக்கி முன்னால் வரப் பார்க்கும். மாலையில் சூடாக இருக்கும் தடம் இரவு ஒன்பது மணிக்குக் குளிர்ந்துவிடும், காரின் குணமும் கூடவே மாறும். அதைக் கவனித்து, ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு, அரைச் சுற்று திருகுவதில்தான் இந்தக் கலை இருக்கிறது.

அந்தத் திருகலுக்கு வேண்டியது ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஜாக் போல்ட், அதாவது ஸ்பிரிங்கை அழுத்தியும் தளர்த்தியும் எடையை மாற்றும் திருகாணி. விலை மலிவு, கராஜிலேயே வெல்டு செய்துவிடலாம். ஆனால் ஸ்ட்ரீட் ஸ்டாக் பிரிவில் பல தடங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, 'கார் ஸ்டாக்காக இருக்க வேண்டும்' என்ற நல்ல எண்ணத்தில். விளைவு என்ன? வசதியுள்ள அணி இருபது முப்பது ஸ்பிரிங்குகளை டிரெய்லரில் அடுக்கி வந்து, ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு அதே எடையைக் கொண்டுவந்துவிடுகிறது. வசதியில்லாத அணி, இருக்கிற இரண்டு செட்டை வைத்துக்கொண்டு சுவரில் உரசிக்கொண்டு போகிறது. மலிவான பொருளைத் தடுத்ததால் விலை உயர்ந்த வழி மட்டும் மிஞ்சியது. தயவுசெய்து ஜாக் போல்ட்டை அனுமதியுங்கள். மொத்த எடைக்குக் கீழ்வரம்பும் இடப்பக்க எடைக்கு உச்சவரம்பும் வையுங்கள், அது போதும்.

ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் விஷயத்தில் கதை வேறு. அங்கே கதவு அகலமாகத் திறந்து கிடக்கிறது. 'ஒரு சக்கரத்துக்கு ஒரு ஷாக்' என்று மட்டும் எழுதிய விதிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சக்கரத்துக்கு ஒன்று சரி, அது என்ன விலை ஷாக்? வளைவுக்குள் இறங்கியதும் காரின் மூக்கைக் கீழேயே பிடித்து வைத்துக்கொள்ளும்படி வால்வு அமைத்த ஷாக், அதைச் சோதிக்க டைனோ என்ற ஓர் அளவு இயந்திரம், மென்மையான ஸ்பிரிங் போட்டு காரை ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் கட்டையில்) உட்கார வைக்கும் வித்தை, அதைக் கணக்கிட காரைக் கீழே இழுத்துப் பார்க்கும் இயந்திரம். உள்ளூர் தடங்களின் மேல்பிரிவான லேட் மாடலில் தொடங்கிய இந்த ஓட்டம் இப்போது கீழ்ப்பிரிவுகளுக்கும் வந்துவிட்டது. இதில் அறிவு இல்லை என்று சொல்லமாட்டேன், நிறைய இருக்கிறது. ஆனால் வார நாளில் தச்சு வேலையோ லாரி வேலையோ செய்துவிட்டு வருபவர் எட்ட முடியாத அறிவு அது. கீழ்ப்பிரிவுகளில் மாற்றியமைக்க முடியாத, ஒரே மாடல் எண் கொண்ட இரும்பு ஷாக்கைக் கட்டாயமாக்குங்கள். பம்ப் ஸ்டாப்பை நீக்குங்கள்.

கூடவே 'கிளெய்ம்' விதியையும் கொண்டுவாருங்கள். அயோவாவில் 1979இல் மாடிஃபைடு என்ற கார்ப் பிரிவைத் தொடங்கிய ஐ.எம்.சி.ஏ. என்ற பந்தய அமைப்பு எஞ்சின் விஷயத்தில் இதைச் செய்து காட்டியது. ஜெயித்தவரின் எஞ்சினை, விதியில் எழுதிய விலையைக் கொடுத்துத் தோற்றவர் எடுத்துக்கொள்ளலாம். அந்த விலைக்கு மேல் கொட்டிச் செய்த எஞ்சினை யார் துணிந்து பூட்டுவார்? அந்தப் பிரிவு நாடு முழுக்கப் பரவியதில் இந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஷாக்குக்கும் இதே மருந்தைக் கொடுக்கலாம்.

அடுத்தது டயர். வலது பின் டயரின் சுற்றளவு இடது பின் டயரைவிட இரண்டு மூன்று அங்குலம் அதிகமாக இருந்தால், பூட்டிய ஆக்ஸிலில் (இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும் அச்சில்) கார் தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். இந்த வித்தியாசத்தை 'ஸ்டாகர்' என்பார்கள். அளக்க ஒரு டேப் போதும். இது உழைப்பால் வரும் வேகம், இதில் கை வைக்க வேண்டாம். ஆனால் ஒரே அச்சில் வந்த டயர்களிலும் சுற்றளவு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பதால், நிறைய வாங்கிப் பொறுக்கி எடுப்பவருக்கு லாபம். விற்கும் இடத்திலேயே குலுக்கல் முறையில் கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு எத்தனை புது டயர் என்று வரம்பும் வையுங்கள். ரசாயனத்தில் டயரை ஊறவைத்து மென்மையாக்குபவர்களிடம் மட்டும் இரக்கமே வேண்டாம். அது ஏமாற்று வேலை மட்டுமல்ல, மூடிய கராஜில் அந்த நெடியைச் சுவாசிப்பது அந்த அணியின் சின்னப் பையன்களும்தான். சந்தேகம் வந்தால் துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், முடிவு வரும் வரை பரிசுப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

இன்னொரு வருத்தம். ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று தடங்கள் இருக்கின்றன, மூன்றிலும் 'ஸ்ட்ரீட் ஸ்டாக்' என்றே பெயர். ஒன்றில் ஹோலி நிறுவனத்தின் 4412, அதாவது 500 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 500 கன அடி காற்று) விடும் இரண்டு பேரல் கார்புரேட்டர்தான் செல்லும். இன்னொன்றில் நான்கு பேரல் கார்புரேட்டர் போடலாம். மூன்றாவதில் டயரே வேறு. ஒரு தடத்தில் மழை பெய்து பந்தயம் ரத்தானால் பக்கத்துத் தடத்துக்குப் போய் ஓட வழியில்லை. பிறகு பிரிவுக்கு ஏழு கார்தான் வருகிறது என்று நீங்களே கவலைப்படுகிறீர்கள். கடந்த சீசனின் நடுவில் ஒரு தடம் பின்புற ஸ்பிரிங் விதியை வியாழக்கிழமை மாலை மாற்றி அறிவித்தது. நாங்கள் புதிதாக வாங்கிய ஸ்பிரிங்குகள் இரண்டு நாளில் இரும்புச் சாமானாகிவிட்டன. அதற்குப் பிறகு எங்களோடு ஓடிய ஓர் அணி அந்தப் பக்கமே வரவில்லை. நீங்கள் ஒன்றாக உட்கார்ந்து, எஞ்சின், கார்புரேட்டர், டயர், எடை இந்த நான்கை மட்டுமாவது பொதுவாக்கி, மூன்று சீசனுக்குத் தொடாமல் விடுங்கள். பாதுகாப்புக்காக மாற்றினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

காரே கிடைக்காத நிலையும் வந்துவிட்டது. இந்தப் பிரிவின் முதுகெலும்பு ஜெனரல் மோட்டார்ஸின் 1978 முதல் 1988 வரையிலான 'மெட்ரிக்' சேஸி: மான்டி கார்லோ, ரீகல், கட்லஸ், 108 அங்குல வீல்பேஸ். பழைய இரும்புக் கடைகளில் அவை அரிதாகிவிட்டன. அசல் அளவிலேயே செய்து விற்கும் மாற்றுப் பாகங்களைச் சில தடங்கள் இன்னும் அனுமதிப்பதில்லை. அளவு சரியாக இருந்தால் போதும் என்று எழுதுங்கள்.

எஞ்சினில் 602 'கிரேட்' (crate) எஞ்சின், அதாவது முழுதாகக் கட்டிப் பெட்டியில் வரும் எஞ்சின், நல்ல முடிவு: 350 கன அங்குலம், சுமார் 350 குதிரைத்திறன், யாரும் உள்ளே கை வைக்காதபடி தொழிற்சாலையிலேயே முத்திரை போல்ட் போட்டு வருகிறது. ஆனால் போலி முத்திரை போல்ட்டுகளும் உண்டு என்பது பிட்டில் எல்லோருக்கும் தெரியும். போல்ட்டின் தலையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல் கேம் லிஃப்ட்டையும் (வால்வைத் தூக்கும் உயரத்தையும்) வால்வு ஸ்பிரிங் அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். அதை மற்ற அணிகள் நின்று பார்க்கும்படி செய்யுங்கள். கதவை மூடிக்கொண்டு செய்யும் பரிசோதனை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் வெளியே நிற்பவருக்கு நம்பிக்கை வராது. 'அனுமதி என்று எழுதாதது எதுவும் அனுமதி இல்லை' என்ற பொதுவாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள். அது புதிதாக வருபவரை மட்டும்தான் பயமுறுத்துகிறது. எந்தப் பாகம், எந்தக் கருவியால் அளப்பது, எவ்வளவு கூடக்குறையலாம் என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. 2001 பிப்ரவரியில் நாஸ்காரின் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் டேட்டோனா பந்தயத்தில் மோதி இறந்த பிறகு, தலை, கழுத்துக் காப்பை நாஸ்கார் அதே ஆண்டு கட்டாயமாக்கியது. உங்களில் சிலர் இன்றும் அதை 'பரிந்துரை' என்றே எழுதுகிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை முன்சக்கர ஓட்டக் காரில் ஏறும் பிரிவில்கூட அப்படித்தான் இருக்கிறது. கட்டாயம் என்று எழுதுங்கள். வாங்க முடியாதவருக்குத் தடமே வாடகைக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக, உங்களுக்கு அதிகம் செலவில்லாத ஒரு வேண்டுகோள். தடத்தில் இருக்கும் எடைத் தராசை வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் திறந்து வையுங்கள். சொந்தத் தராசு இல்லாத அணிகள் காரைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், உங்கள் பரிசோதகர் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துச் சொல்லட்டும். புதிய விதிகளை டிசம்பர் முடிவதற்குள் வெளியிடுங்கள். எங்களுக்கு ஜனவரியில் வெல்டிங் வேலை தொடங்கிவிடும்.

அன்புடன்,
ஸ்ட்ரீட் ஸ்டாக் அணி ஒன்றின் பிட் உதவியாளன்,
வட கரோலினா