பதினாறு வயசுப் பையன்கிட்ட தப்பான கேள்விய கேக்குறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் ஒருத்தர், அருவா தூக்கத் தெரிஞ்சவன் என்ன பச்சப்புள்ளயா, பதினாறு வயசானாலே பெரிய ஆளுங்க மாதிரி விசாரிச்சு தூக்குல போடுங்கன்னு எழுதியிருந்தார். அவர் கோபம் புரியுது சார். 2023ல நாங்குநேரியில கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து அந்த மாணவனையும் தங்கச்சியையும் வெட்டுனத படிச்சப்ப எனக்கும் கை நடுங்குச்சு. ஆனா சர்வீஸ் பூரா ப்ளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுத்தவன்ங்கிற முறையில எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கு.

முதல்ல ஒண்ணு, 18க்கு கீழ இருக்கவங்களுக்கு தூக்கு நம்ம சட்டத்துலயே கிடையாது. பெரியவங்க மாதிரி விசாரிக்கிறதுக்கு மட்டும் 2015லயே வழி பண்ணிட்டாங்க. 2012 டெல்லி நிர்பயா கேஸ்ல மாட்டுன அந்த மைனர் பையன் 3 வருஷம் முடிஞ்சு 2015 டிசம்பர் 20ம் தேதி வெளிய வந்தான், நாடே கொதிச்சுது, 22ம் தேதி ராஜ்யசபாவுல புது சிறார் நீதிச் சட்டம் பாஸ். 18ங்கிற வயச கொறைக்க வேணாம்னு, அந்த கேஸுக்கு அப்புறம் அரசாங்கம் போட்ட ஜஸ்டிஸ் வர்மா கமிட்டி 2013லயே சொன்னத யாரும் காதுல வாங்கல. இப்ப 16 முடிஞ்ச பையன் கொலை, பலாத்காரம் மாதிரி கொறைஞ்சது 7 வருஷம் தண்டனை உள்ள கேஸ்ல மாட்டுனா, இளைஞர் நீதிக் குழுமம் (சிறார் கேஸ விசாரிக்கிற அமைப்பு) உக்காந்து மூணு விஷயம் பாக்கும். இத செய்ய இவனுக்கு உடல் பலமும் மன பலமும் இருந்துச்சா, விளைவு என்னன்னு புரியுமா, எந்த சூழ்நிலையில செஞ்சான். அத வச்சுதான் பெரியவங்க மாதிரி விசாரிக்க அனுப்பலாமா வேணாமான்னு முடிவு.

என் சண்டையே அந்த ரெண்டாவது கேள்வியோடதான். விளைவு புரியுமாவா? நல்லாவே புரியும் சார்! வட்டப்பாதையில போற பொருள் மேல என்ன விசை செயல்படும், பிடி விட்டா எந்தப் பக்கம் போய் விழும்னு படம் போட்டு அஞ்சு மார்க்கும் வாங்குவான், சாயங்காலம் அதே பையன் பஸ் படிக்கட்டுல ஒத்தக் கையில தொங்கிக்கிட்டு திருப்பத்துல கால ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே போவான், ஏன்னா உள்ள நாலு பேர் "மாமா செம"ன்னு கத்துறானுங்க. மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு தனியா கூப்பிட்டு கேட்டா தலைய குனிஞ்சுக்கிட்டு "தப்புதான் சார், விழுந்தா செத்துருப்பேன் சார்"ம்பான். அவன் பொய் சொல்லல, தனியா உக்காந்தா அவனுக்கு எல்லாமே தெரியுது.

இது வாத்தியார் புலம்பல் மட்டும் இல்ல. அமெரிக்காவுல டெம்பிள் யுனிவர்சிட்டில ஸ்டெயின்பெர்க்னு ஒரு சைக்காலஜி புரொபசர், அவர் டீம் பசங்கள கார் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம் ஆட விட்டு மூளைய ஸ்கேன் பண்ணாங்க, 2011ல வந்த ஆய்வு. 14லருந்து 18 வயசுப் பசங்க, ஃப்ரெண்ட்ஸ் பாக்குறாங்கன்னு தெரிஞ்சதும் சிக்னல்ல ரிஸ்க் எடுக்குறது ஏறுது, மூளையில ஆசை, பரிசுன்னா துள்ளுற பகுதியும் சேந்து துள்ளுது. 24 தாண்டுனவங்ககிட்ட யார் பாத்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. அப்புறம் 2019ல 11 நாட்டுல 5,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல இந்தியாவும் உண்டு, அதனால இது வெள்ளைக்காரப் பசங்க கதைன்னு தள்ளிட முடியாது. நிதானமா யோசிக்கிற திறமை 16 வாக்குல பெரியவங்க அளவுக்கு வந்துடுது, ஆனா அவசரத்த அடக்குறது, கூட்டத்துக்கு மடங்காம நிக்கிறதெல்லாம் 18 தாண்டிதான் வந்து சேருது. (25 வயசுல மூளை டக்குன்னு முழுசாகும்னு வாட்ஸப்ல சுத்துது, அப்படி ஒரு தேதியெல்லாம் கிடையாது.)

அப்ப நம்ம சட்டம் என்ன பண்ணுது? சம்பவம் நடந்து எத்தனையோ நாள் கழிச்சு, ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லாத ரூம்ல, ஃபேன் காத்துல உக்கார வச்சு, தம்பி இது தப்புன்னு தெரியுமான்னு கேக்குது. தெரியும்பான். தெரியும்னா பெரியவன்தான்னு எழுதிடலாம். அவன் எந்தத் திறமையில முழுசா வளந்துட்டானோ அத மட்டும் அளந்துட்டு, எதுல வளரலயோ அதுக்கு சேத்து தண்டனை குடுக்குறோம். குருகிராம்ல ஒரு சின்னப் பையன ஸ்கூல்லயே கொன்னதா 16 வயசு மாணவன் மேல போட்ட கேஸ்ல, 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, குற்றம் செய்யற திறனும் விளைவ புரிஞ்சுக்கறதும் ஒண்ணு இல்ல, குழுமத்துல சைக்காலஜி படிச்சவங்க இல்லன்னா கட்டாயம் நிபுணர் உதவி வாங்கணும்னு. நல்லதுதான், ஆனா கேள்விய மாத்தாம நிபுணர மட்டும் கொண்டாந்து என்ன செய்ய?

உடனே புனே போர்ஷே கார் கேஸ எடுத்துக்கிட்டு வருவாங்க. 17 வயசுப் பையன் கார் ஏத்தி ரெண்டு உசுரு போச்சு, அவன 300 வார்த்தை கட்டுரை எழுதுன்னு சொல்லி ஜாமீன்ல விட்டாங்கன்னு. எனக்கும் வயிறு எரிஞ்சுது சார். ஆனா அது இரக்கம் இல்ல, அலட்சியம். அந்தப் பக்கம் பாருங்க, 2022 கடைசியில ரயில்வே பேட்டரி திருடுனான்னு செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு (கேஸ் முடியற வரைக்கும் சிறார்கள வைக்கிற இடம்) கொண்டு போன 17 வயசுப் பையன், ரெண்டு மூணு நாள்ல அடிபட்டு செத்தான், அங்க வேல பாத்தவங்களயே கைது பண்ணாங்க. ஒரே சட்டம்தான், பணக்கார வீட்டுப் பையனுக்கு கட்டுரை, ஏழை வீட்டுப் பையனுக்கு அடி.

சும்மா விடுங்கன்னு நான் சொல்லல. குற்றம் உறுதியான சிறார்கள வைக்கிற சிறப்பு இல்லத்துல 3 வருஷம்தான் அதிகபட்சம்ங்கிறது கொலைக்கு கம்மின்னு நினைச்சா அதப் பத்தி பேசலாம், எனக்கே அதுல சந்தேகம் உண்டு. ஆனா அது சிறார் முறைக்குள்ளயே நடக்கணும். படிப்பு, தொழில், கவுன்சலிங், வருஷா வருஷம் எவ்வளவு மாறியிருக்கான்னு பாக்குறது, வெளிய வந்த பிறகும் ஒரு ஆள் பின்னாடியே நிக்கிறது. அமெரிக்காவுல பசங்கள பெரியவங்க கோர்ட்டுக்கு தள்ளிப் பாத்தாங்க, அப்படிப் போனவங்கதான் திரும்ப வன்முறையில அதிகமா மாட்டுனாங்கன்னு 2007ல அவங்க அரசாங்க சுகாதார அமைப்பு சிடிசியே வெளியிட்டுச்சு.

செங்கல்பட்டு சாவுக்கு அப்புறம் இல்லங்கள ஆராய ஜஸ்டிஸ் சந்துரு கமிட்டி போட்டு, அவர் 2023லயே ரிப்போர்ட் குடுத்துட்டார். அதுல எத்தன பரிந்துரை நடைமுறைக்கு வந்திருக்குன்னு உங்க ரிப்போர்ட்டர் ஒருத்தர அனுப்பி விசாரிச்சு ஒரு பக்கம் போடுங்க சார்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார்,
விருதுநகர்