அதே போர், புதுப் பெட்டி

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீ விசாரித்ததைச் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டாள். பெரியவன் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டான். உன் தங்கையின் டிரான்ஸ்ஃபர் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லையே?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, எந்தப் போர் கேம் ஆடலாம் என்று கேட்டிருந்தாய். இப்போது புதிதாக வருவதில் எதையும் வாங்காதே. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கால் ஆஃப் டியூட்டி என்ற போர் கேம் தொடரின் பெயர்களையே எடுத்துக்கொள். 2007-ல் மாடர்ன் வார்ஃபேர், 2009-ல் இரண்டாம் பாகம், 2011-ல் மூன்றாவது. அப்புறம் 2019-ல் மறுபடியும் மாடர்ன் வார்ஃபேர், 2022-ல் இரண்டு, 2023-ல் மூன்று. கதையில் வரும் அதே கேப்டன் பிரைஸ், அதே மீசை. 2005-லிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் புதுப் பாகம் வருகிறது. பல ஸ்டுடியோக்கள் முறை வைத்துச் செய்தும் இந்த நிலைமை. வருஷா வருஷம் விற்றே ஆக வேண்டும் என்றால் யார்தான் புதிதாக ஒன்றை முயன்று பார்ப்பார்கள்?

இத்தனைக்கும் அந்த 2007 கேம் யாரையும் பார்த்து எழுதியதில்லை. அமெரிக்க வீரன் ஜாக்சனாக நாம் ஆடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? விழுந்து கிடக்கும் ஹெலிகாப்டரின் பைலட்டைக் காப்பாற்றத் திரும்பிப் போவோம், தூக்கிக்கொண்டும் வந்துவிடுவோம். அதன்பிறகுதான் அணுகுண்டு வெடிக்கும். நொறுங்கிய ஹெலிகாப்டருக்குள் கண் விழித்து, வெளியே விழுந்து, தள்ளாடி நாலு அடி வைத்து, அந்தப் புகைமேகத்தைப் பார்ப்போம். எந்தப் பட்டனை அழுத்தினாலும் பிழைக்க வழி கிடையாது. துப்பாக்கியைக் கையில் கொடுத்த கேமே நம்மைக் கையாலாகாதவனாக்கிச் சாகவிட்டது. போரைப் பற்றி அந்த ஒரு காட்சி சொன்னதை அதற்குப் பிறகு வந்த எந்தப் பாகமும் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது அதிர்ச்சியை மட்டும். 2009 பாகத்தில் நாம் ஆடும் ஆளைத் திரும்பத் திரும்பக் கொல்கிறார்கள். முதல் தடவை இருந்த வலி அடுத்த தடவை இல்லை. மெடல் ஆஃப் ஹானர் தொடரும் இரண்டாம் உலகப் போரை விட்டுவிட்டு 2010-ல் ஆப்கானிஸ்தானுக்குப் போனது. 2012-ல் இன்னொன்று வந்தது, அதோடு தொடரையே ஓரங்கட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே வேலைதான்: முன்னால் போகிறவன் பின்னால் ஓடு, அவன் கதவை உதைக்கும்வரை நில், உள்ளே இருப்பவர்களைச் சுடு, அடிபட்டால் சுவருக்குப் பின்னால் ஒதுங்கு, உடம்பு தானே சரியாகிவிடும்.

பிரவுசிங் சென்டரில் நாம் ஆடிய ஐ.ஜி.ஐ.யை நினைத்துப் பார். 2000-ல் வந்த கேம். பாதியில் சேவ் செய்ய முடியாது. மேட்டில் படுத்து பைனாகுலரில் முகாமைப் பார்த்து, எந்த வேலி, எந்தக் காவலன், எங்கே கேமரா என்று நீயே யோசித்துத்தான் இறங்க வேண்டும். எதிரிகளுக்கு அறிவு கம்மிதான். ஆனால் முடிவு எடுத்தது நாம்.

உனக்கு நான் சொல்வது ஃபார் கிரை 2. 2008-ல் வந்தது, பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் நடக்கிறது. செத்தவனிடமிருந்து எடுத்த துப்பாக்கி துருப்பிடித்திருக்கும், சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும். எதிரே நாலு பேர் சுட்டுக்கொண்டிருக்க, நம் ஆள் அதைத் தட்டி, இழுத்துச் சரிசெய்ய வேண்டும். மேப்பைக் கையில் விரித்துப் பார்க்கும்போதும் ஜீப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காய்ந்த புல்லில் தீ வைத்தால் காற்று திரும்பி உன்னையே சுற்றி வளைக்கும். போதாததற்கு மலேரியா வேறு. காவல் சாவடியில் இருப்பவர்களைக் கொன்றுவிட்டுக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் மறுபடியும் ஆள் நிற்பான், அது எரிச்சல்தான், பொறுத்துக்கொள். கிராபிக்ஸ் பழசு என்று தள்ளிவிடாதே. முதல் மலேரியா மாத்திரை தீரும்வரையாவது ஆடிவிட்டு எனக்கு எழுது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? தங்கை விஷயத்தையும் மறக்காமல் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பிரபு